மறு: கடற்பாம்பின் ஈற்றுமுறை: ‘உட்பொரிப்பு’ சரிதானா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கடல்வாழ் ஊர்வன பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஓவோவிவிபாரஸ்’ என்ற சொல்லில் வந்து சிக்கிக்கொண்டேன். ‘முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டி ஈனுதல்’ என்று ஒருமுறை எழுதலாம், பத்திக்குப் பத்தி எழுத முடியுமா? இப்போதைக்கு ‘உட்பொரிப்பு’ என்று வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் ‘கடலீற்று’ என்கிறார். உங்கள் கருத்து?

———

> இப்போதைக்கு ‘உட்பொரிப்பு’ என்று வைத்திருக்கிறேன்.

அம்மா, சொல் செட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அது காட்டும் காட்சி கடற்பாம்பின் வயிற்றில் நடப்பதே இல்லை. பொரிப்பு என்றதும் ஓடு விரிசல்விட்டுக் குஞ்சு எட்டிப்பார்ப்பது நினைவுக்கு வரும். இங்கே உடைவதற்கு ஓடு ஏது? கருவைச் சுற்றி மெல்லிய சவ்வுகள்தாம். அவை கருப்பைச் சுவரோடு ஒட்டிக் கிடக்கின்றன. தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனும் நீரும் அந்த ஒட்டின் வழியே கருவுக்குப் போகின்றன. எளிய அமைப்புதான், ஆனாலும் பாலூட்டிகளின் நஞ்சுக்கொடி செய்கிற வேலையில் ஒரு பங்கை அது செய்கிறது. உணவு மட்டும் பெரும்பாலும் மஞ்சட்கருவிலிருந்து.

மூலச்சொல்லிலேயே கோளாறு உண்டு. விலங்கியலாளர் பலர் அதைக் கைவிட்டே விட்டார்கள். வெளியே வருவது முட்டையா சேயா என்பது ஒரு கேள்வி. உள்ளே இருந்தபோது அது எதை உண்டு வளர்ந்தது என்பது வேறு கேள்வி. அந்தச் சொல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு ‘இது அல்லது அது’ என்ற விடையும் கிடையாது. கடற்பாம்பு மஞ்சட்கருவை நம்பும் ஓரத்தில் நிற்கிறது. மறு ஓரத்தில் பிரேசிலின் மபூயா அரணை. அதன் சினைமுட்டை ஏறத்தாழ 1 மி.மீ. தான், பிறக்கும் குட்டியின் உலர் எடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் தாய் கொடுத்தது. இவை இரண்டுக்கும் நடுவே எத்தனையோ படிகள்.

ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு இணைகள் வேண்டும். ஊட்டத்துக்கு ‘மஞ்சட்கருவூட்டம்’, ‘தாயூட்டம்’. பிறப்புக்கு ‘முட்டையீற்று’, ‘கருவுயிர்ப்பு’. தலையீற்றுப் பசு என்று இன்றும் சொல்கிறோமே, ஈற்று செத்த சொல் அன்று. கருவுயிர்த்தல் ஈனுவதற்குரிய பழைய சொல். உயிர்த்தலுக்கு ஈனுதல், மூச்சுவிடுதல் என இரு பொருளும் உண்டு. கடற்பாம்புக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஓட்டுமுட்டைக்குள் இருக்கும் கருவும் மூச்சுவிட வேண்டும். ஓட்டின் நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதனால்தான் கடற்கட்டுவிரியன்கள் (லாட்டிகௌடா பேரினம்) கரையேறிப் பாறைப் பிளவுகளிலும் குகைகளிலும் முட்டையிடுகின்றன. கடலாமைக்கும் அதே கதிதான். மற்றக் கடற்பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கோ வயிற்றுச் செதில்கள் சிறுத்துவிட்டன, தரையில் ஊர வழியில்லை. கருவை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, நீர்ப்பரப்புக்கு வந்து பிள்ளைக்கும் சேர்த்துத் தாயே மூச்சு வாங்குகிறது.

‘கடலீற்று’ வேண்டாம். கடலுக்குப் போன பிறகு இந்த வழக்கம் வந்தது என்று அது நினைக்கவைக்கும். இவற்றின் நெருங்கிய உறவுகள் ஆஸ்திரேலியத் தரையில் குட்டி ஈனும் நச்சுப்பாம்புகள். முன்னோருக்கு அந்தப் பழக்கம் தரையிலேயே இருந்தது, அதுவே பிறகு கடல்வாழ்வுக்கு வழிவிட்டது.

———

ஐயா, மபூயா எடுத்துக்காட்டு நன்று. ‘கருவுயிர்ப்பு’தான் இடிக்கிறது. மாணவர்கள் அதைக் ‘கருவின் சுவாசம்’ என்றே படிப்பார்கள். மூச்சைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளே அப்படிப் படிக்கத் தூண்டுகின்றனவே! ‘குட்டியீற்று’ போதாதா?

இன்னொன்று. தவழ்வனவற்றின் இளமைப்பெயர் பார்ப்பு, பிள்ளை என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. பேச்சிலோ பாம்புக்குட்டி. எதை வைப்பது?

———

ஒப்புக்கொள்கிறேன். நான் ரசித்த இரட்டைப்பொருளே கலைச்சொல்லுக்கு ஆகாதது. கவிதைக்கு வைத்துக்கொள்வோம்.

ஆனால் ‘குட்டியீற்று’ என்றால் சுறாவுக்குக் குட்டியா குஞ்சா, மானுக்குக் கன்றாயிற்றே என்று அடுத்த வாரமே சண்டை வரும். ‘சேயீற்று’ என்றால்? முட்டையீற்றுக்கு நேர் இணை, எந்த விலங்குக்கும் ஒட்டும். பார்ப்பு எனக்குப் பிடித்த சொல். பொதுவாசகர் கட்டுரையில் குட்டியே இருக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்பு சேயீற்று இனம். சுமார் ஆறு மாதம் கருவைச் சுமந்து, ஓர் ஈற்றில் 2 முதல் 6 குட்டிகள் வரை நீரிலேயே ஈனும். ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள குட்டிக்குத் துடுப்புவாலும் நஞ்சும் பிறவியிலேயே உண்டு. முதல் மூச்சுக்கு அது தானே மேலே நீந்த வேண்டும்.” நாக்கில் தடையில்லை.

———

நன்றி. ‘சேயீற்று’, ‘மஞ்சட்கருவூட்டம்’ இரண்டையும் கட்டுரை முழுக்க மாற்றிவிட்டேன். மாற்றும்போதுதான் கவனித்தேன்: நச்சுப்பாம்பைப் பற்றிய கட்டுரையில் ‘நஞ்சுக்கொடி’ என்று எழுதினால், பாம்பின் நஞ்சு அதில் ஓடுகிறது என்றுதான் வாசகர் எண்ணுவார்! ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்றால், எலும்பையும் குருத்தெலும்பையும் அடக்கிய அந்த இன்னொரு இணைப்புத்திசுவோடு குழப்பம். இலங்கை வழக்கிலுள்ள ‘சூல்வித்தகம்’ என்பதை எடுத்துக்கொள்ளட்டுமா?

———

எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கருவையும் கருப்பையையும் இணைக்கும் உறுப்பு’ என்று அரைவரி சேர்த்துவிடுங்கள்.