640 எப்படி 80 ஆனது: ஏ.என்.ஏ. சோதனை அனுபவங்கள்

டர்பன், ஆய்வகப் பணியாளர்:

சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் அத்தை சென்ற ஆண்டு இரண்டு அறிக்கைகளைக் கொண்டுவந்து நீட்டி, "640 இருந்தது 80 ஆயிடுச்சு, மாரியம்மன் கண் திறந்துட்டா, இனி மாத்திரை எதுக்குப்பா?" என்று கேட்டார். மூட்டுவலியும் கன்னச் சிவப்பும் அப்படியேதான் இருந்தன. உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோய்க்காகச் செய்த ஏ.என்.ஏ. சோதனைகள் அவை; சொந்தச் செல்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுபவை, முதலாவது எங்கள் ஆய்வகத்தில், இரண்டாவது ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில்.

இந்தச் சோதனையில் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், ஹெப்-2 என்ற ஆய்வக மனிதச் செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் இட்டு, பச்சை ஒளிர்வு கடைசியாக எந்த நீர்ப்பு வரை தெரிகிறது என்பதை இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்த்துச் சொல்கிறோம். 640 என்றால் 640 மடங்கு நீர்த்தும், அதாவது 1:640இலும், ஒளிர்வு தெரிந்தது என்று பொருள். எனவே 640க்கும் 80க்கும் இடையே மூன்று படிகள்தான் உள்ளன. அதில் ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஆய்வகத்துக்குள்ளேயே நடப்பதுண்டு. நுண்ணோக்கியின் பாதரச விளக்கு பழையதாகி மங்கினாலோ, செல்களைப் பதப்படுத்திய கரைசலோ, பச்சை ஒளிர்வைத் தரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளோ மாறினாலோ படிகள் மேலும் நழுவும். தவிர, 80 என்பதும் அலட்சியப்படுத்தத் தக்க அளவன்று. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய, அமெரிக்க வகைப்பாட்டு நெறிகள் 1:80 இருந்தால் லூபஸ் குறித்து மேற்கொண்டு ஆராயச் சொல்கின்றன.

நல்லவேளையாக அத்தையின் பழைய சீரம் எங்கள் உறைபெட்டியில் மிச்சமிருந்தது. புதிதாக இரத்தம் எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே தகட்டில் இட்டு, எது பழையது, எது புதியது என்று தெரியாமல் இருவர் பார்த்தோம். பழையது 640, புதியது 320. பிரியும் செல்களின் நடுவே குரோமோசோம் பட்டை பளிச்சென்று ஒளிர்ந்தது. ஒளிர்வு வடிவங்களுக்குப் பொதுப்பெயர் இட 2014இல் தொடங்கிய ஐசிஏபி என்ற பன்னாட்டுக் குழுவின் வகைப்பாட்டில் அது ஏ.சி.-1, அதாவது கரு முழுதும் சீராக ஒளிரும் வடிவம். மற்ற ஆய்வகத்தின் அறிக்கையிலோ 'புள்ளி வடிவம்' என்றிருந்தது! அத்தை முணுமுணுத்தபடியே மாத்திரையைத் தொடர்கிறார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நோயாளி:

லூபஸுக்கான இன்னொரு சோதனையான இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பொருள் சோதனையில் எனக்கு இதே குழப்பம் நேர்ந்தது. ஒரே காலையில் எடுத்த இரத்தம் இரண்டு ஆய்வகங்களுக்குப் போய், ஒன்றில் 38, மற்றொன்றில் 190 என்று வந்தது. இரண்டிலும் பன்னாட்டு அலகு என்றே அச்சிட்டிருந்தார்கள். அந்த அலகு 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற டபிள்யூ.ஓ./80 என்ற தர மாதிரியிலிருந்து வந்தது என்றும், அது தீர்ந்துபோய் 15/174 என்ற வேறொன்று வந்துள்ளது என்றும் மருத்துவர் விளக்கினார். நிறமாற்றத்தை அளக்கும் எலைசா முறை டி.என்.ஏ.வோடு வலுவின்றி ஒட்டும் எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் பிடிக்கும், கிரிதிடியா என்ற ஒற்றைச் செல் உயிரியைப் பயன்படுத்தும் முறை பெரும்பாலும் வலுவாக ஒட்டுபவற்றையே காட்டும் என்பதால், அலகு ஒன்றானாலும் அளக்கப்படுவது ஒன்றல்லவாம். அன்றிலிருந்து ஒரே ஆய்வகத்துக்குத்தான் போகிறேன்.

டர்பன், ஆய்வகப் பணியாளர்:

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. எங்கள் அறிக்கைத் தாளில் முறையின் பெயருக்கு இடமே இல்லை. கேட்பவர்களுக்கு ஓரத்தில் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.