ஸ்லோ குக்கர்ல பிரெட், மேல மட்டும் சிவக்கவே மாட்டேங்குது, ஐடியா சொல்லுங்க

இங்க யாராவது ஸ்லோ குக்கர்ல பிரெட் போடுறீங்களா? வாடகை வீட்ல ஓவன் இல்ல, அதான் இந்த வழி. 400 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், உப்பு, 260 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் எண்ணெய், இதான் மாவு. பேக்கிங் பேப்பர் விரிச்சு ஹைல ரெண்டு மணி நேரம் விடுறேன், மூடியில சேர்ற ஆவி சொட்டாம இருக்க காட்டன் துண்டு ஒன்னு கட்டி நுனியெல்லாம் மேல தூக்கி முடிஞ்சிடுறேன் (சூட்டுப் பக்கம் தொங்கவிட்டா ஆபத்து). உள்ள சாஃப்ட்டா வெந்துடுது, தெர்மாமீட்டர் குத்துனா 94 டிகிரி காட்டுது, அடிப்பக்கம் பொன்னிறமா மொறுமொறுன்னு சூப்பரா இருக்கு, ஆனா மேல் பக்கம் மட்டும் இட்லி மாதிரி வெள்ளையா, தொட்டா பிசுபிசுன்னு. உள்ள பூரா ஆவியா இருந்தா நிறம் வராதுன்னு தெரியும், சிவக்கணும்னா 140 டிகிரிக்கு மேல காஞ்ச சூடு வேணும்ல.

அதனால கடைசில எடுத்து தோசைக்கல்லுல கவுத்துப் போட்டு சிம்ல வச்சா சரியா வருமா, இல்ல சூட்டோட அமுங்கிப் போயிடுமா? முன்னாடியே மேல பால் தடவுனா ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா? ஓவன் வாங்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ், வைக்க இடமே இல்ல. அப்புறம் பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தா தண்ணி எவ்ளோ கூட்டணும்? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.