சங்குப்பூ கொடி முழுக்க இலைதான், ஒரு பூ கூட இல்லை. உதவுங்கள்

நீலச்சாதம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். டீ போடவும் சாதத்துக்கு நீல நிறம் கொடுக்கவும் தொட்டியில் சங்குப்பூ வைத்தேன். கொடி பால்கனிக் கம்பி முழுக்க ஏறிவிட்டது, இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, ஆனால் பூவே வரவில்லை. பக்கத்துத் தொட்டியில் செம்பருத்தி, அதில் மொட்டு வந்து விரியும் முன்பே விழுகிறது. உரம் ஒழுங்காகப் போடுகிறேன், தண்ணீர் குறை இல்லை, வெயில் படும் பக்கம்தான். ஊர் வீடியோக்களில் சொன்னபடியே எல்லாம் செய்திருக்கிறேன். பொங்கலுக்கு அத்தை வருகிறார், அதற்குள் நாலு பூவாவது பார்க்க என்ன வழி?

கறிவேப்பிலை:
எந்த ஊரில் இருக்கிறீர்கள்? தொட்டி எவ்வளவு பெரிது? "உரம்" என்றால் என்ன உரம்? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மோர்க்குடம்:
அதெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், தேமோர் கரைசல் போடுங்கள். புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து ஒரு வாரம் மூடி வைத்து, வடிகட்டி, பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்தால் பூக்காத செடியும் பூக்கும். என் மிளகாய்ச் செடி சாட்சி.

பழைய_பாத்தி:
இதே கேள்வி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. பழைய கேள்வி-பதில் இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை போலிருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பருவம் தப்பி விதைத்தால் இலைதான் வரும்.

கறிவேப்பிலை:
ஐயா, ஆடி மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம். ஜோபர்கில் (ஜோகன்னஸ்பர்க்) விடிகாலையில் புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும், சங்குப்பூ விதை அந்த மண்ணில் அழுகித்தான் போகும். டர்பன் கடலோரத்தில் உறைபனி கிடையாது, அங்கேயும் இந்த விதை முளைக்கச் சூடு போதாது. இந்த நாட்டில் செப்டம்பர், அக்டோபர்தான் இதற்குப் பட்டம்.

பழைய_பாத்தி:
மழைக்கு முன்னால் விதை என்பதுதான் அந்தப் பழமொழியின் சாரம். அதைக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலச்சாதம்:
ஜோபர்க்தான், சொல்ல விட்டுப்போயிற்று. விதைத்தது அக்டோபரில். தொட்டி பழைய பெயின்ட் வாளி, ஐந்து லிட்டர், அடியில் ஓட்டை போட்டிருக்கிறேன். உரம் வீட்டுக்காரர் புல்தரைக்கு வைத்திருந்த மூட்டையிலிருந்து எடுத்தது, 7:1:3 என்று போட்டிருக்கிறது, வாரம் ஒரு பிடி. பால்கனி தெற்குப் பார்த்தது, வீடியோவில் தெற்குதான் நல்லது என்றார்கள்.

வெயில்காரி:
தம்பி, தெற்கு நல்லது என்று சொன்னவர் சென்னையிலோ கோவையிலோ இருந்து சொல்லியிருப்பார். இங்கே வருடத்தில் பெரும்பகுதி சூரியன் வடக்கு வானத்தில்தான் போகிறது, அதனால் வெயில் வேண்டிய செடிக்கு வடக்குப் பக்கம்தான் சரி. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்கும், ஆகவே காலை ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தால் உங்கள் பால்கனியிலும் வெயில் சாய்வாக விழும். ஒன்பது, பத்து மணி ஆனதும் சூரியன் உச்சிக்குப் போய்விடும், மேல்வீட்டுத் தளம் மறைத்துவிடும், அப்புறம் சாயங்காலம் வரை நிழல்தான். சங்குப்பூவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

அப்புறம் அந்த உரம். மூன்று எண்ணில் முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 7:1:3 புல் வளர்க்கிற உரம், இலையைத்தான் வளர்க்கும், அதைத்தானே அது செய்திருக்கிறது. சங்குப்பூ பயறு இனம், காற்றில் இருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் வாரம் ஒரு பிடி ஊட்டினால் பூவைப் பற்றி அது ஏன் கவலைப்படப் போகிறது? உரத்தை உடனே நிறுத்துங்கள். நாலைந்து முறை நிறையத் தண்ணீர் விட்டு அடியில் ஓடவிடுங்கள், தேங்கிய உர உப்பு போகட்டும். மொட்டு தெரிந்த பிறகு 3:1:5 வாங்கி, மூட்டையில் போட்ட அளவில் பாதி போதும். வாளியையும் மாற்றுங்கள், பதினைந்து லிட்டருக்குக் குறையாமல்.

வடக்குப் பக்கம் மாற்றினால் சுவரை ஒட்டி வையுங்கள், இந்த ஊர் பிற்பகல் ஆலங்கட்டி கொடியைக் கிழித்துவிடும்.

மோர்க்குடம்:
வெயில்காரி அக்கா சொன்னது சரி, தேமோரையும் சேர்த்துத் தெளிக்கட்டும் என்கிறேன்.

கறிவேப்பிலை:
பொங்கலுக்குள் வருவது சந்தேகம்தான். அவசரத்துக்கு நர்சரியில் பூத்த ரோஜாத் தொட்டி வாங்கி அந்த இதழை அத்தைக்குச் சமையலில் போட்டுவிடாதீர்கள். அங்கே வேரில் ஊற்றும் பூச்சிமருந்து செடிக்குள் ஏறிப் பூ வரை போகும், கழுவினாலும் போகாது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாட்ஸ்வொர்த்_பெரியம்மா:
பூச்சமையல்தானே வேண்டும்? எங்கள் தெரு முழுக்க வேப்பமரம். அக்டோபரில் மரம் கொள்ளாமல் பூக்கும், பொறுக்கிக் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஏப்ரலில் புத்தாண்டுப் பச்சடிக்கு ஆகும். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

வெயில்காரி:
பெரியம்மா, பூ என்ன நிறம்?

சாட்ஸ்வொர்த்_பெரியம்மா:
வெளிர் ஊதா. நல்ல வாசனை.

வெயில்காரி:
அது வேம்பு இல்லை, வேம்பு போலவே தெரியும் சிரிங்கா என்ற வேறு மரம். வேப்பம்பூ வெள்ளையாக இருக்கும். இலையைப் பாருங்கள்: வேம்பில் ஒரே ஈர்க்கில் இரண்டு பக்கமும் இலை இருக்கும், சிரிங்காவில் ஈர்க்கு கிளைவிட்டு அந்தக் கிளைகளில் இலை இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் காய் மனிதருக்கும் நாய்க்கும் நஞ்சு. பூவையும் வாயில் வைக்காதீர்கள், டப்பாவைக் கொட்டிவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்_பெரியம்மா:
என் மாமியார் காலத்திலிருந்து அம்மை போட்டால் அந்த இலையைத்தான் வாசலில் கட்டுகிறோம், அம்மனுக்கும் அதைத்தான் சாத்துகிறோம். அதை நஞ்சு என்று சொன்னால் எப்படி?

பழைய_பாத்தி:
இரண்டும் ஒரே குடும்பம். அம்மா சொல்வதை அப்படித் தள்ளிவிட முடியாது.

கறிவேப்பிலை:
ஊமத்தையும் தக்காளியும்கூட ஒரே குடும்பம்தான் ஐயா, ஊமத்தையில் ரசம் வைப்பீர்களா?

பழைய_பாத்தி:
நான் பேசுவது தாவரவியல். இந்தத் தொனியில் பேசினால் பதில் சொல்ல மாட்டேன்.

வெயில்காரி:
பெரியம்மா, அம்மனுக்குச் சாத்துவதை யாரும் குறை சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கே வந்த நம் முன்னோர்கள் கையில் கிடைத்த மரத்தைத்தான் வேம்பாக வைத்துக்கொண்டார்கள், அது அப்படியே இருக்கட்டும். கட்டுவது வேறு, சாப்பிடுவது வேறு. பச்சடிக்கு இந்தியச் சாமான் கடையில் காய்ந்த வேப்பம்பூ கேட்டுப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்_பெரியம்மா:
சரி, மருமகனைவிட்டு இலையைப் பார்க்கச் சொல்கிறேன்.

நீலச்சாதம்:
வாளியைக் கார் நிறுத்துமிடத்துச் சுவர் ஓரமாக மாற்றி உரத்தை நிறுத்தினேன். அத்தை வந்துவிட்டுப் போயும்விட்டார். இப்போது மூன்று கொடியில் மொட்டு தெரிகிறது. நன்றி அக்கா. செம்பருத்தியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பழைய_பாத்தி:
அதற்குத் தனி இழை தொடங்கவும்.

கறிவேப்பிலை:
விழுந்த மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், மெல்லிசாக ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். ஒன்றும் இல்லை என்றால் தொட்டி ஒரு நாள் காய்ந்து மறுநாள் சேறாகிறது என்று அர்த்தம். இந்த முறை தொட்டி அளவையும் சொல்லிவிடுங்கள்.