பக்கவாதத்துக்குப் பிறகு வீடா, பராமரிப்பு இல்லமா? உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம்ங்க. கோபி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த என் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா, வயது 76) பக்கவாதம் வந்து, இப்போது கோவையில் மறுவாழ்வு சிகிச்சை நடக்கிறது. சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் வைத்தே பார்க்க முடியுமா, நிரந்தரமாக ஒரு இல்லம் தேவைப்படுமா என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்க்கும் பார்தல் அளவுகோலில் 100க்கு 45 வந்திருக்கிறது. அந்த எண் மட்டும் போதாது என்று படித்ததில் புரிந்தது. வயது, சிறுநீர்க் கட்டுப்பாடு, ஞாபகம், புரிதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற எத்தனை பேர் பிடிக்க வேண்டும், அப்புறம் முக்கியமாக வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அமுச்சிக்குப் பேச்சு தெளிவு. ஆனால் கண் பார்வை நன்றாக இருந்தும், தட்டில் இடது பக்கம் இருக்கும் சோற்றை அவர் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. ராத்திரியில் சிறுநீர்க் கட்டுப்பாடும் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி, தூக்கிப் பிடிக்க முடியாது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறேன். அமுச்சியோ "தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போ சாமி" என்கிறார். அவர் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க எனக்கு மனசில்லை.

இப்படி ஒருவரை வீட்டில் பார்த்தவர்கள், எது முன்னேறியது, எது அப்படியே நின்றது என்று சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? கோபி, சத்தி, பெருந்துறை வட்டாரத்தில் பக்கவாத நோயாளிகளைப் பொறுப்பாகப் பார்க்கும் இல்லமோ, வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆளோ தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.