கல்லீரல் பாஸ்பாரிலேஸ்: ஜெல்லில் பட்டை இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை, உதவுங்கள்

அகல்விளக்கு
வணக்கம். மனிதக் கல்லீரல் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் (சேமித்த கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸை ஜி1பி, அதாவது குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டாக வெட்டி எடுக்கும் நொதி), ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, விலைக்கு வாங்கியது. புரதச் சங்கிலி தொடங்கும் அமினோ முனையில், பிரித்தெடுக்க வசதியாக ஒட்டிய ஹிஸ் டேக் இருக்கிறது. மூன்று வாரமாக இதோடுதான் இருக்கிறேன். ஜெல்லில் 97 கிலோடால்ட்டன் பக்கம் ஒரே பட்டை, சுத்தமாக இருக்கிறது. ஆனால் செயல்பாடு இல்லை.

நான் செய்வது இதுதான்: பிஹெச் 6.8 பாஸ்பேட் பஃபர், கிளைக்கோஜன், 1 மில்லிமோலார் ஏஎம்பி (செல்லில் ஆற்றல் குறையும்போது கூடும் மூலக்கூறு), மெக்னீசியம், என்ஏடிபி, அதோடு பாஸ்போகுளுக்கோமியூட்டேஸ், ஜி6பி டிஹைட்ரோஜினேஸ் இரண்டும். ஜி1பி உருவானால் இந்தத் துணை நொதிகள் அதை வைத்து என்ஏடிபி-யை என்ஏடிபிஹெச் ஆக்கும், அதன் ஒளி உறிஞ்சலை 340 நானோமீட்டரில் 20 நிமிடம் பார்க்கிறேன். முயல் தசை பாஸ்பாரிலேஸ் பி போட்ட குழியில் கோடு சரசரவென்று ஏறுகிறது. பக்கத்துக் குழியில் மனித நொதி, கோடு படுத்தே கிடக்கிறது. நொதியை பத்து மடங்கு கூட்டினாலும் லேசாக ஒரு சாய்வு, அவ்வளவுதான். நொதியே கெட்டுப்போய் வந்ததா? இரண்டாவது குப்பியும் இப்படித்தான். வழிகாட்டி மாதம் முடிவதற்குள் தடுப்பான்களைச் சோதித்துக் காட்டச் சொல்கிறார், எனக்குத் தூக்கமே வரவில்லை.

பைப்பெட்
முதலில் ஜி1பி-யை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். துணை நொதிகள் ஓடினால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடலாம். அப்புறம் பிஎல்பி. இந்த நொதிக்கு வைட்டமின் பி6-இன் அந்த வடிவம் ஒரு லைசினில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் புரதம்தான். ஈ.கோலையில் வளர்க்கும்போது ஊடகத்தில் பிரிடாக்ஸின் சேர்ப்பது அதற்குத்தான். செறிவான சாம்பிளில் 333 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு தெரிகிறதா பாருங்கள்.

அகல்விளக்கு
ஜி1பி போட்டேன், உடனே ஏறியது. 333-இல் சின்ன மேடு இருக்கிறது, முயல் நொதியில் இருப்பது போலவே. அதனால் பிஎல்பி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடலோரம்
அகல், நொதி கெடவில்லை. உங்கள் ஒப்பீடுதான் உங்களைத் திசை திருப்புகிறது. முயல் தசையினுடையதையும் கல்லீரலினுடையதையும் ஒரே மாதிரி நடத்துகிறீர்கள்.

ஈ.கோலையில் பாஸ்பாரிலேஸ் கைனேஸ், அதாவது இந்த நொதியில் பாஸ்பேட் ஏற்றும் நொதி, கிடையாது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது பாஸ்பேட் ஏறாத பி வடிவம், பாஸ்பேட் ஏறி வேலை செய்யும் ஏ வடிவம் அல்ல. தசையின் பி வடிவத்துக்கு ஏஎம்பி கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும், ஏனென்றால் தசைக்குத் தன் சொந்த ஆற்றல் தட்டுப்பாடு தெரிய வேண்டும். கல்லீரல் குளுக்கோஸை உடம்புக்காக வெளியே விடுகிறது, அது குளுக்ககான் என்ற ஹார்மோன் சொல்வதைத்தான் கேட்கும். அதன் பி வடிவம் ஏஎம்பிக்கு மிகக் கொஞ்சமே அசைகிறது. நீங்கள் பார்த்த அந்த லேசான சாய்வு அதுதான். சதர்லேண்ட் கல்லீரல் நொதியில் பாஸ்பேட் போனதும் செயல்பாடு போவதைக் கண்டு அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியைத் துரத்தியதில்தான் ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி வரை போனார், 1971-இல் நோபல். தசைப் பக்கம் இந்த பி-யிலிருந்து ஏ-க்கு மாறும் வேலையைப் பிரித்துக் காட்டிய கிரெப்ஸ், ஃபிஷர் இருவருக்கும் 1992-இல் கிடைத்தது. உங்கள் குப்பியில் இருப்பது அந்தப் பழைய கேள்விதான்.

செய்ய வேண்டியது: முயல் தசை பாஸ்பாரிலேஸ் கைனேஸ் வாங்கிக்கொள்ளுங்கள், கல்லீரல் நொதியிலும் அது வேலை செய்யும். பிஹெச் 8.2 பக்கம், மெக்னீசியம், ஏடிபி, கொஞ்சம் கால்சியம், 30 டிகிரியில் ஒரு மணி நேரம். பாஸ்பேட் ஏறும் இடம் செரின் 14 (சங்கிலியின் 14-ஆவது அமினோ அமிலம்), முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் 15. உங்கள் டேக் அதற்கு மிக அருகில் இருப்பதால் வெட்டும் இடம் இருந்தால் வெட்டிவிடுவது நல்லது. முக்கியமான விஷயம், அதே நேரத்தில் முயல் பி-யையும் இன்னொரு குழாயில் கைனேஸோடு வையுங்கள். அது ஏஎம்பி இல்லாமலே ஓட ஆரம்பித்தால் கைனேஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் உப்பு நீக்கும் சிறிய குழாயில் (column) விட்டு ஏடிபியை எடுத்துவிடுங்கள்.

பைப்பெட்
இதைத்தான் நான் யோசிக்காமல் போனேன், கடலோரம் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கடையில் வாங்கும் கிளைக்கோஜனிலேயே ஏஎம்பி ஒட்டிக்கொண்டு வரும். ஏஎம்பி இல்லாத கட்டுப்பாட்டுக் குழியில் முயல் பி ஓடினால் சந்தேகப்படுங்கள், கரித்தூளில் சலித்து எடுக்கலாம். கைனேஸ் வர நாளாகும் என்றால் அதிகச் செறிவில் சோடியம் சல்பேட்டும் ஏஎம்பியும் சேர்த்துப் பாருங்கள், கல்லீரல் பி அதில் ஓரளவு எழும். ஆனால் அவ்வளவு உப்பில் துணை நொதிகள் ஓடுகின்றனவா என்பதை ஜி1பி போட்டுச் சரிபார்த்த பிறகுதான் எதையும் நம்ப வேண்டும்.

அகல்விளக்கு
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். சல்பேட்டில் போட்ட அன்றே கோடு கொஞ்சம் தலை தூக்கியது, அப்போதே பாதி நிம்மதி. நேற்று கைனேஸ் செய்தேன். முயல் பி ஏஎம்பி இல்லாமல் ஓடியது. மனித நொதியை உப்பு நீக்கும் குழாயில் விட்டு, ஐஸில் இருந்து எடுத்து பிளேட்டில் போட்டேன், இரண்டாவது நிமிடத்திலேயே கோடு மேலே போய்விட்டது. கைனேஸ் போடாத குழாய் அப்படியே கிடந்தது. இந்த நொதியைத் தடுக்கும் காஃபீனும் குளுக்கோஸும் சேர்த்ததும் வேகம் குறைந்தது, ஆகவே ஏ வடிவம் உண்மையில் வேலை செய்கிறது.

டேக் வெட்டவில்லை. வெட்டும் இடம் வரிசையில் இல்லை, அப்படியும் பாஸ்பேட் ஏறியிருக்கிறது, முழுக்க ஏறியதா என்பதை, பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தனிப் பட்டையாகப் பிரிக்கும் பாஸ்-டேக் ஜெல்லில் பார்க்க இருக்கிறேன். கடலோரம், பைப்பெட், இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பி வடிவத்திலேயே தடுப்பான்களைச் சோதித்திருந்தால், கோடு ஏற்கெனவே படுத்தே கிடப்பதால், எல்லாமே நன்றாகத் தடுக்கிறது என்று எழுதிக் கொடுத்திருப்பேன், அந்தப் பயம் இப்போதும் போகவில்லை.

கடலோரம்
ரொம்ப சந்தோஷம் அகல். பாஸ்-டேக் முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள். தடுப்பான் சோதனைக்கு முன் ஏ வடிவத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள், உறைந்து உருகிய பிறகும் வேகம் அதேதானா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.