லொஃப்ட்டில் பஞ்சு விரித்த பிறகும் சான்றிதழில் எஃப் தரம் வந்தது ஏன்?

கேள்வி – ஈஸ்ட்ஹாம் வீட்டுக்காரர்

வணக்கம். கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுக்கு நூறாண்டு கடந்த செங்கல் வரிசைவீடு ஒன்று இருக்கிறது. 2014இல் எடுத்த எரிசக்திச் செயல்திறன் சான்றிதழ் 52 புள்ளிகளுடன், ஏ முதல் ஜி வரையான தரங்களில் ஈ தரத்தில் இருந்தது. பத்தாண்டு முடிந்து அது காலாவதியானதால், புதிய குடியிருப்பாளர் வருமுன் மறுபடி மதிப்பீடு செய்வித்தேன். 34 புள்ளிகள், எஃப் தரம். இடையில் 2019இல் லொஃப்ட்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், வெப்பக் காப்பாக 270 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சு விரித்து மேலே பலகை அடித்தோம். 2021இல் பழுதான எரிவாயு பொயிலரை அகற்றி, அறைதோறும் சுவரில் மின் ஹீற்றர் பொருத்தினோம். இவ்வளவு செலவழித்த பின் தரம் இறங்குவது எப்படி? எஃப் தரத்தில் வாடகைக்கு விட முடியாது என்கிறார் முகவர். பேசாமல் விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மறுமொழி – மதிப்பீட்டுத் துறையில் இருந்தவர்

ஐயா, முகவர் சொல்வது சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரல் 1 முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ளவற்றுக்கும் குறைந்தது ஈ தரம், அதாவது 39 புள்ளிகள், வேண்டும். மீறினால் உள்ளூராட்சிக் கவுன்சில் 5,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். விற்பதற்கு இந்தத் தடை இல்லை. சான்றிதழ் இருந்தால் போதும். ஆனால் வாடகைக்கு விடும் நோக்கத்துடன் வாங்குபவர் எஃப் என்பதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

தரம் இறங்கியதற்கு முதற் காரணம் ஹீற்றர்கள்தான். இந்தப் புள்ளி கருவி புதியதா என்று பார்ப்பதில்லை. வீட்டைச் சூடாக்க ஆகும் எரிபொருட் செலவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. மின்சாரம் அலகுக்கு எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை என்பதால், பொயிலரைக் கழற்றிய அன்றே புள்ளிகள் போய்விட்டன. இது கணக்குமுறையின் குறை என்பது என் எண்ணம். ஆயினும் கவுன்சில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இரண்டாவது, லொஃப்ட். சான்றிதழில் கூரைக்கு நேரே "அஸ்யூம்ட்" (ஊகிக்கப்பட்டது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டாளர் கண்ணால் காணாததையும் ஆவணம் இல்லாததையும் கட்டிய காலத்தை வைத்து ஊகித்தே பதிய வேண்டும்.

மறுமொழி – இல்ஃபோர்ட் வாசகர்

வெந்நீர்த் தொட்டி உறையில்லாமல் நிற்கிறதா? 80 மில்லிமீற்றர் உறை ஒன்று மலிவு; எனக்கு அதனாலேயே சில புள்ளிகள் ஏறின. எல்லாம் செய்தும் ஈ எட்டாவிட்டால், வற் வரி உட்பட 3,500 பவுண் என்ற உச்சவரம்பு வரை செலவிட்டதற்கான பற்றுச்சீட்டுகளுடன், ஈ தர விதியிலிருந்து விலக்குக் கேட்டு விலக்குப் பதிவேட்டில் பதியலாம். அது ஐந்தாண்டு செல்லும். ஆனால் வீட்டை விற்றால் வாங்கியவருக்குச் சேராது.

ஈஸ்ட்ஹாம் வீட்டுக்காரர்

நீங்கள் சொன்னபடியே இருக்கிறது: "கூரை, காப்பு இல்லை, அஸ்யூம்ட்". லொஃப்ட் மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தோம். திறப்பு பழைய குடியிருப்பாளரிடம் போய்விட்டதால் வந்தவர் ஏறிப் பார்க்கவே இல்லை. 2019இன் பற்றுச்சீட்டையும், பலகை அடிக்குமுன் எடுத்த படங்களையும் தேடி எடுத்தேன். தொட்டிக்கும் உறை போட்டு, வேறொரு மதிப்பீட்டாளரை அழைத்தேன். இம்முறை அவர் மேலே ஏறி ஒரு பலகையைக் கிளப்பி அளந்தார். 43 புள்ளிகள், ஈ தரம். பழைய எஃப் சான்றிதழை என்ன செய்வது?

மறுமொழி – மதிப்பீட்டுத் துறையில் இருந்தவர்

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொதுப் பதிவேட்டில் கடைசியாகப் பதியப்பட்டதே செல்லும். அதன் பிரதியை ஒப்பந்தத்துக்கு முன் குடியிருப்பாளருக்குக் கட்டணமின்றிக் கொடுத்துவிடுங்கள். எல்லைக்கு மேலே நான்கு புள்ளிகள்தான் இருக்கின்றன; ஆகவே அடுத்து ஹீற்றரையோ தொட்டியையோ மாற்றுவதானால், வாங்குமுன் இதே மதிப்பீட்டாளரிடம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.