புது பேட்டரி போட்டும் மூணு நாள்ல இறங்கிடுது, ஞாயிறு வண்டி பார்க்க ஆள் வர்றாங்க, உதவி வேணும்

பகுதிநேர_வண்டி
வணக்கம். வித்துடலாம்னு எடுத்த கார். பிரேக் பேட், பாலிஷ், சீட் கவர்னு எல்லா வேலையும் முடிச்சாச்சு. பேட்டரி மட்டும் நிக்க மாட்டேங்குது. புதுசு போட்டும் அதேதான். சாவியைத் திருப்பினா டக் டக்னு சத்தம், செல்ஃப் சுத்தல. ஜம்ப் கேபிள் போட்டா உடனே ஸ்டார்ட் ஆகுது. என்ன மாத்தணும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

கிரீஸ்கை
பெட்ரோலா, டீசலா? எந்த வருஷத்து வண்டி? பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர் (கொள்ளளவு)? தினமும் ஓடுதா, நிறுத்தியே இருக்கா? இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில எத்தனை வோல்ட் காட்டுது? இந்த அஞ்சும் தெரியாம யார் பதில் சொன்னாலும் அது குருட்டுக் கணக்குதான்.

இரண்டாங்கை
வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம். கார்பெட்டுக்கு அடியில ஈரம் நின்னா கனெக்டர் பின்கள் பச்சை பூத்துடும், அது வழியா கரண்ட் கசியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சுருளோட உள்பக்கம் இருக்கிற பட்டையில சேறு கோடு போட்டிருந்தா சந்தேகமே வேணாம். அந்த இடத்தை யாரும் கழுவ மாட்டாங்க. சீட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட், ஸ்டெப்னி குழி, ஹெட்லைட்டுக்குள்ள நீர்க்கோடு, எல்லாத்தையும் பாருங்க.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
இந்தக் கேள்வி வாராவாரம் வருது. முன்னாடி எழுதினதைத் தேடிப் படிச்சிருந்தாலே விடை கிடைச்சிருக்கும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) உள்ள இருக்கிற டயோடு லீக், கரண்டை ஒரே திசையில விட வேண்டியது பின்பக்கமும் விடுது. பேட்டரி மேல பழியைப் போட்டு புதுசு வாங்கினது வீண் செலவு. வண்டி வாங்கி விக்கிறவங்க முதல்ல மீட்டர் பிடிக்கக் கத்துக்கணும்.

பகுதிநேர_வண்டி
பெட்ரோல், 2014. 45 ஆம்பியர் ஹவர். நிறுத்தியேதான் இருக்கு, ஆள் வந்தா மட்டும் எடுப்பேன். இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். அப்ப ஆல்டர்னேட்டர் நல்லாத்தானே இருக்கு?

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
14.2 காட்டினா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். டயோடு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஒரு டயோடு பின்பக்கமா லேசா கடத்தினாலும் சார்ஜிங் வோல்டேஜ் சரியாவே காட்டும், ராத்திரி முழுக்க பேட்டரியை உறிஞ்சும். மீட்டரை ஏசி வோல்ட்டுல வச்சு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில பாருங்க. 0.5-க்கு மேல போனா டயோடுதான்.

மல்டிமீட்டர்
அவர் சொன்ன சோதனை சரி, ஒரு நிமிஷ வேலை, செய்துடுங்க. ஆனா அதுக்காக இப்பவே ஆல்டர்னேட்டரைக் கழட்ட வேண்டாம். எவ்வளவு கசியுதுன்னு முதல்ல அளந்தாகணும். கணக்கு பாருங்க: மூணு நாள்னா 72 மணி நேரம். 0.4 ஆம்பியர் கசிஞ்சாலே 29 ஆம்பியர் ஹவர் போயிடும், 45-ல மிஞ்சுறது 16. அந்த நிலைமையில செல்ஃப் மோட்டார் இழுக்காது, ரிலே மட்டும் டக் டக்குன்னு அடிக்கும். நீங்க சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துது.

அளக்கும்போது பெரும்பாலானவங்க தப்பு பண்றது ரெண்டு இடம்.

முதலாவது, கதவு. மீட்டரை மாட்டிட்டு ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கக் கதவைத் திறந்தா தூங்கிட்டு இருந்த கன்ட்ரோல் யூனிட் (வண்டிக்குள்ள இருக்கிற சின்ன கம்ப்யூட்டர்) எல்லாம் முழிச்சுக்கும், 2 ஆம்பியர், 3 ஆம்பியர்னு காட்டும். அதைக் கசிவுன்னு நினைச்சுடக் கூடாது. கதவைத் திறந்து வச்சு, கதவோட பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால அழுத்தி மூடின நிலைக்குக் கொண்டு போங்க. வண்டி கதவு மூடியிருக்குன்னு நினைக்கும், உள்விளக்கு அணையும். பானெட்டுக்கு சுவிட்ச் இருந்தா அதையும் அப்படியே செய்யுங்க. சாவி இல்லாம பட்டன்ல ஸ்டார்ட் ஆகிற வண்டின்னா சாவியை வண்டிப் பக்கமே வைக்காதீங்க. அப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் காத்திருங்க. சில வண்டி தூங்கப் போக முக்கால் மணி நேரம்கூட ஆகும்.

ரெண்டாவது, மீட்டரை மாட்டுற விதம். மீட்டர் வயரை 10 ஆம்பியர் துளையில போடுங்க. நெகட்டிவ் முனைக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல மீட்டர் வரணும். கேபிளைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடிமனான வயரை முனைக்கும் கேபிளுக்கும் பாலமாப் போட்டுடுங்க. மீட்டரை மாட்டின பிறகுதான் பாலத்தை எடுக்கணும். அப்பதான் கரண்ட் ஒரு கணமும் அறுபடாது, தூங்கின யூனிட் முழிக்காது. மீட்டர் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தா நல்ல வண்டி. அதுக்கு மேலன்னா ஃப்யூஸ்களைப் பிடுங்காதீங்க, பிடுங்கித் திரும்பச் செருகினா மறுபடி முழிச்சுக்கும். மீட்டரை எடுத்துட்டு, கேபிளை மாட்டி, மறுபடி தூங்க விட்டு, மில்லிவோல்ட்டுல வச்சு ஒவ்வொரு ஃப்யூஸ் முதுகுலயும் இருக்கிற ரெண்டு சின்ன உலோகப் புள்ளியைத் தொடுங்க. கரண்ட் ஓடாத ஃப்யூஸ் 0.0 காட்டும். 15 ஆம்பியர் மினி ஃப்யூஸ்ல 2 மில்லிவோல்ட் வந்தா ஏறக்குறைய 0.4 ஆம்பியர் ஓடுதுன்னு வச்சுக்கலாம். எந்த ஃப்யூஸும் காட்டலன்னா அப்ப ஆல்டர்னேட்டர் பக்கம் போங்க.

இன்னொண்ணு. வண்டி வாங்கின பிறகு நீங்க புதுசா என்னென்ன மாட்டினீங்க? ஒண்ணு விடாம எழுதுங்க.

இரண்டாங்கை
கார்பெட் பார்த்தீங்களா? விக்கப்போற வண்டி, வெள்ளத்துல நின்னதுன்னா வாங்குறவங்களுக்குச் சொல்லியே ஆகணும்.

பத்தாம்நம்பர்_ஸ்பேனர்
எதை எடுத்தாலும் வெள்ளமா? ஈரக் கனெக்டர் கசிஞ்சா ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் நிக்கும். மூணே நாள்னு கணக்கா இறங்குறது நிலையான சுமை.

இரண்டாங்கை
ஒத்துக்கிறேன். ஆனா விற்பனைக்கு வர்ற வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது அதுதான். மின் கோளாறுன்னு சொல்லி விலை குறைச்சுக் கொடுக்கிற வண்டியை எடுக்கிறவங்க அஞ்சு நிமிஷம் அதுக்கு ஒதுக்கணும். சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் தெரிஞ்சா மட்டும் தொடாதீங்க. அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரி இணைப்புல இருக்கும்போது கழட்டினாலே எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிச்சுடும்.

பகுதிநேர_வண்டி
அளந்தேன். 40 நிமிஷம் கழிச்சும் 0.41. ஏசி வோல்ட் 0.03. டாஷ்போர்டுக்குக் கீழ இருக்கிற பெட்டியில 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு மட்டும் 2.0 மில்லிவோல்ட், மூடியில ரேடியோன்னு போட்டிருக்கு. ஆமா, ஆண்ட்ராய்டு ஸ்கிரீனும் ரிவர்ஸ் கேமராவும் மாட்டினேன், நல்லா விலை போகும்னு. அதைச் சொல்லணும்னு தோணல. இறங்கும்போது பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன்.

வயரிங்காரர்
விடை அதுலயே இருக்கு. சரியா மாட்டின ஸ்கிரீன் சாவியை எடுத்ததும் தானா அணையணும். நீங்க பட்டனை அழுத்தி அணைக்க வேண்டியிருக்குன்னா, சிவப்பு வயரும் மஞ்சளும் ஒண்ணா நிரந்தர 12 வோல்ட்டுல கட்டப்பட்டிருக்கு. மஞ்சள் நினைவுக்கு, எப்பவும் கரண்ட் வேணும். சிவப்புக்கு, சாவி ஏசிசி நிலையில (ரேடியோ மாதிரி துணைக் கருவிக்குக் கரண்ட் வர்ற நிலை) இருக்கும்போது மட்டும். சிவப்புல கரண்ட் நிக்காத வரைக்கும் யூனிட் தூங்காது. திரை இருட்டா இருக்கும், உள்ள பிராசஸர் ஓடிட்டே இருக்கும்.

மாட்டினவங்க ஏன் சேர்த்துக் கட்டினாங்கன்னா, நிறைய வண்டிகள்ல ரேடியோ பிளக்ல ஏசிசி வயரே கிடையாது. பழைய செட் அந்தத் தகவலைக் கேன் லைன் (கன்ட்ரோல் யூனிட்டுகள் தகவல் பேசிக்கிற வயர்) வழியா வாங்கிக்கும். முதல்ல பிளக்கைச் சோதிங்க. ஐஎஸ்ஓ பிளக்கா (பொதுத் தர ரேடியோ பிளக்) இருந்தா 4-ம் பின் நிரந்தரம், 7-ம் பின் சாவிக்கு உட்பட்டது. சில கம்பெனி வண்டியில இது தலைகீழ், அதனால நிறத்தையும் எண்ணையும் நம்பாம மீட்டர் வச்சுப் பாருங்க: சாவி போட்டா 12, எடுத்தா 0.

பிளக்ல கிடைக்கலன்னா சிகரெட் லைட்டர் ஃப்யூஸ்ல இருந்து ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்துல செருகி தனி வயர் பிரிச்சு எடுக்கிற கிளை) போட்டு எடுக்கலாம். சில வண்டியில அந்த சாக்கெட்டும் நிரந்தர 12, அதையும் அளந்துட்டு எடுங்க. ஃப்யூஸ் டேப்ல தனியா 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், சிவப்பு வயர் இழுக்கிறது கொஞ்சம்தான். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தாதீங்க, வெயில்ல பசை உருகிக் கழன்றுடும். சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போடுங்க. நீலம்-வெள்ளை வயர் ஆம்ப்ளிஃபையருக்கு. ஆம்ப் இல்லன்னா முனையை மூடி விட்டுடுங்க.

கிரீஸ்கை
விக்கிற வண்டியில இந்த ஸ்கிரீனே தேவையில்ல. கம்பெனி செட்டோட இருக்கிற வண்டியைப் பார்த்தா வயரிங்கை யாரும் தொடலன்னு வாங்குறவங்களுக்கு நம்பிக்கை வரும். அந்தச் செலவுக்கு நாலு டயரையும் ஒரே கம்பெனியா மாத்தியிருக்கலாம்.

வயரிங்காரர்
முழுசா ஏத்துக்க முடியல. பார்க்க வர்றவங்க உட்கார்ந்ததும் தொடுறது திரையைத்தான். கேமராவும் உதவுது. ஹார்னஸை (வண்டியோட வயர் கட்டு) வெட்டாம அடாப்டர் பிளக் வச்சு மாட்டணும், பழைய செட்டையும் பிராக்கெட்டையும் டிக்கியில வச்சுக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

கிரீஸ்கை
அடாப்டர் வச்சு மாட்டினா சரி. வெட்டி ஒட்டின வண்டியைத்தான் நான் தொட மாட்டேன்னு சொல்றேன்.

பகுதிநேர_வண்டி
சிவப்பை ஃப்யூஸ் டேப்புக்கு மாத்தியாச்சு. சாவி எடுத்ததும் ஸ்கிரீன் தானா அணையுது. கசிவு 0.03. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மல்டிமீட்டர்
நல்லது. இன்னும் ஒரு வேலை இருக்கு. அடியோட இறங்கி ஏறின பேட்டரி, வண்டியை அரை மணி ஓட்டினதுல நிறையாது. கழட்டி சார்ஜர்ல 4 ஆம்பியர் வச்சு ராத்திரி முழுக்கப் போடுங்க. எடுத்த பிறகு சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தா 12.6 வரணும். 12.4-க்குக் கீழ நின்னா உள்ள சல்பேட் படிஞ்சிருக்கு. பேட்டரி கடையில லோட் டெஸ்ட் கேளுங்க. கோல்ட் கிராங்கிங் ஆம்பியர்ல (குளிர்ல ஸ்டார்ட் பண்ண பேட்டரி கொடுக்கிற கரண்ட்) பாதிச் சுமையை 15 வினாடி கொடுத்தா 9.6 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது. போச்சுன்னா ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட அதைச் சொல்லி, விலையில கழிச்சுக் கொடுங்க. புது பேட்டரின்னு மட்டும் சொல்லி விக்காதீங்க.

இரண்டாங்கை
எல்லாம் சரி, சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தீங்களா இல்லையா?